என் மகளை ஃபெல்லோ என்றார்கள்

இங்கிலீஷ் தெரியாதவனால் ஒரு தொல்லையும் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்து. நான் இரண்டாவது ரகம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, கிண்டியில் லாரி கழுவி, தொண்ணூறுகளில் சொந்தமாகத் தண்ணீர் லாரி விட்டவன் நான். மயிலாப்பூரில் பாதிப் பேர் என் தண்ணீரில்தான் குளித்தார்கள். (மீதிப் பேர் குளித்தார்களா என்று எனக்குத் தெரியாது.) எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி லாரி பாகங்கள், மீதி திட்டு. லேட்டாக வரும் டிரைவர் 'யூஸ்லெஸ் ஃபெல்லோ'. வண்டியை இடித்தவன் 'இடியட் ஃபெல்லோ'. அந்தச் சொல்லுக்கு வேறு உபயோகம் உண்டென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் மகள் மலர் புள்ளியியல் படித்துவிட்டு, அடையாறில் ஒரு சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆராயும் வேலை. இவள் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. தெருவில் இறங்கிச் சமாளிப்பாளா என்று பெரிய மேடத்துக்குச் சந்தேகம். வேலை நிலைக்குமா என்று முடிவாகும் நாளன்று, இருப்புக் கொள்ளாமல் ஆபீசுக்கு போன் போட்டேன்.

"மலரா? அந்தப் புது ஃபெல்லோவா? மேடம் ரூம்ல நிக்கிறாங்க சார்."

போனை வைத்தேனா, விட்டெறிந்தேனா, நினைவில்லை. தண்ணீர் தளும்பத் தளும்ப லாரியோடு அடையாறு போய், நேராக மேடம் அறைக்குள் நுழைந்தேன்.

"இன்னா மேடம், என் பொண்ணு இன்னா தப்பு பண்ணா? ஃபெல்லோன்றாங்க?"

"நாங்கதான் அப்படிப் போட்டோம்."

"அத தெகிரியமா வேற சொல்றீங்களா!"

"நானும் சின்ன வயசுல ஃபெல்லோவா இருந்தவதான், சார்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. "உங்களையும் திட்டுனாங்களா மேடம்?"

மூலையில் நின்ற மலர் தலையில் அடித்துக்கொண்டாள். "நைனா, அது என் வேலையோட பேரு! ரிசர்ச் ஃபெல்லோ, ஆராய்ச்சி பண்றவங்களுக்குக் குடுக்கற பதவி!"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. 'சாரி' சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். (நாம் என்றைக்கு அப்படிப் போனோம்?) பேர் வைத்தவனுக்குப் புத்தி இல்லை என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"உக்காருங்க" என்றாள் மலர். வீட்டில் கேட்டிராத குரல். "கால் மேல கால் போடாதீங்க. அஞ்சு நிமிஷம் வாயத் தொறக்கக் கூடாது."

"நான் இன்னா..."

"நைனா!"

மூடிக்கொண்டேன். என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். பாதரசம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. மேடம் எண்ணைப் பார்த்தார், பிறகு மலரைப் பார்த்தார்.

"இவரையே உக்கார வெச்சுட்ட. இனி எந்தத் தெருவுக்கும் போ. திங்கட்கிழமை கே.கே. நகர்ல ஆரம்பி."

வேலை நிலைத்தது. இன்று அவளே பத்துப் பேரை மேய்க்கும் மேடம். (யார் போய்ச் சத்தம் போட்டதால் என்று கேட்டுப் பாருங்கள், ஒரு பயல் சொல்ல மாட்டான்.) எனக்குக் கிடைத்தது தினம் ஒரு மாத்திரையும் உப்பில்லாத சாம்பாரும்.

நான் குரலை உயர்த்தினால் இப்போதெல்லாம் என் மனைவி எதிர்த்துப் பேசுவதில்லை. பிரஷர் மிஷினைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "கைய நீட்டுங்க, ஃபெல்லோ" என்கிறாள்.