செத்தவன் வேறு, வந்தவன் வேறு

வேல்ராஜின் வீரன் மறுபடியும் செத்தான். மறுபடியும் எழுந்து வந்தான்.

"செத்தவன் திரும்பி வரக் கூடாதுன்னு போன வாரமே ரூல் போட்டேனேடா" என்றான் நம்பிராஜன்.

"அவன் செத்துட்டான்ணே. இவன் புது ஆளுல்லா."

பிள்ளைப்பாக்கம் தொழிற்பேட்டை அருகே ஒரு மாடி அறை, ஞாயிறு மதியம். நம்பிராஜன் கதை சொல்வான். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரனாகிப் பகடை உருட்டி அந்தக் கதைக்குள் சண்டை போடுவார்கள். குகை அரக்கனை அவன் மாதக்கணக்கில் யோசித்து உருவாக்கியிருந்தான். வேல்ராஜுக்கோ அரக்கன் பொருட்டே இல்லை. ரூலில் ஓட்டை எங்கே என்பதுதான் கவலை. இன்றும் அவன் ஏய்த்து ஜெயித்தால், இனி ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கப் போய்விடுவதாக ஜெகதீஷ் சொல்லியிருந்தான். ஆட்டம் நின்றால் நம்பிராஜனுக்கு ஞாயிறு என்று ஒன்றுமில்லை.

 தெருவில் கம்பெனி பஸ் ஒன்று போய் மறைந்தது. புது ஆள் என்றால் பழையவனின் வாளும் கவசமும் கிடையாது என்றான் நம்பிராஜன்.

வேல்ராஜ் உடனே சம்மதித்தான். "அப்ப இவன் டிரெய்னி. டிரெய்னிய ஆபத்தான வேலையில விடக் கூடாது. அரக்கன் இவனத் தொடப்படாது."

"இன்னா அண்ணே, இதையும் கேட்டுகினு கீறே?" என்று ஜெகதீஷ் எழுந்து செருப்பைத் தேடினான்.

நம்பிராஜன் அவசரமாக, டிரெய்னிங் இன்றோடு முடிந்தது என்று அறிவித்தான். அது இன்னும் மோசமாகப் போயிற்று. முடிவதற்கு முன்பே அந்த டிரெய்னிக்கு பிரேக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாகவும், குகை வாசலில் நிற்பவன் அடுத்த புது ஆள் என்றும் வேல்ராஜ் சொன்னான். அதே முகம், அதே தழும்பு. ஐடி நம்பர் மட்டும் வேறாம்.

நம்பிராஜனுக்குப் பொறுமை போயிற்று.

"எத்தனை பிரேக் கொடுத்தாலும், எத்தனை ஐடி மாத்தினாலும் ஆள் ஒருத்தன்தான். முதல் நாள்லேருந்து எல்லாம் கணக்குல சேர்த்தி. இதுதான் கடைசி ரூல்."

 நியாயம்தான் என்று வேல்ராஜ் பகடையைக் கீழே வைத்து வீரனைச் சாகவிட்டான். ஜெகதீஷ் கைதட்டியபடி திரும்ப உட்கார்ந்தான். ஆட்டம் பிழைத்தது.

மூன்றாவது ஆளான செல்வலட்சுமி பகடையைக் கையில் எடுத்தபடி சொன்னாள்:

"நல்ல ரூலு சார். நாளைக்கு எச்.ஆர். சீட்ல உக்காந்தும் இதையே சொல்லுங்க. வேல்ராஜுக்கு ஒவ்வொரு வருஷமும் பிரேக் கொடுத்து, புது ஐடி போட்டது நீங்கதானே?"