எழுபதோடு நிறுத்துவோர்

வயது வரம்பர் என்றோர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தேடினால் நாலைந்து பேர் அகப்படுவார்கள். தொலைக்காட்சியில் தலைவர் ஒருவர் மேடையேறினால் இவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஏழு படிக்குப் பத்தொன்பது நொடி. "இவர் நாட்டைத் தூக்கி நிறுத்தப் போறாராம். முதல்ல இவரைத் தூக்கி நிறுத்துங்கப்பா" என்பார். தேர்தலில் நிற்க எழுபதே உச்ச வயது என்று மனு எழுதி, வீடுவீடாக ஏறி இறங்கி, மழையில் நனைந்து, இரண்டு நாய்களிடமிருந்து தப்பி, நாற்பத்தொரு நாளில் இருநூற்றுப் பதினாறு கையெழுத்து வாங்கிய நம் வரம்பருக்குத் தெரு வைத்த பெயர் 'எழுபது'. மனைவிகூட, "எழுபது, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றே முக்காலுக்கு அவருடைய அக்கா வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். வயது எழுபத்தாறு, மூன்று மாதம். கையில் வார்டு தேர்தலுக்கான வேட்புமனு. முன்மொழியப் பத்துப் பேர் வேண்டும்; ஒன்பது பேர் போட்டாயிற்று. மூன்று மணிக்கு அலுவலகத்தில் கதவை அடைத்துவிடுவார்கள்.

"ஒரு கையெழுத்துப் போடுடா தம்பி. நம்ம தெரு ஆஸ்பத்திரியை மூடப் போறாங்க. நான் போய்க் கேக்கலைன்னா யாரு கேப்பா?"

எழுபது பேனாவைத் திறந்தார், மூடினார். கொள்கையா, கூடப் பிறந்தவளா? சற்று நேரம் கடத்தலாமென்று அந்த ஒன்பது பெயரையும் தன் மனுவோடு ஒப்பிட்டார். ஒன்பதும் அதிலும் இருந்தன. போதாததற்குப் பதினான்காவது கையெழுத்து அக்காவுடையது.

"எழுபதுக்கு மேல யாரும் நிக்கக் கூடாதுன்னு நீயே போட்டிருக்கியே அக்கா."

"ஆமா. அந்தக் கிழடுங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பணும். அதுக்கும் எனக்கும் என்னடா சம்பந்தம்?"

அக்காவுக்குத் துணையாக வந்து வாசலில் நின்ற தையல்காரரை எழுபது பார்த்தார். அவரும் ஒன்பதில் ஒருவர். "நீங்களுமா?"

"அது வயசானவங்களுக்காகப் போட்டது சார். இது அக்காவுக்கு. ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்பிக்கறீங்க?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "எழுபது, மணி ரெண்டே கால். போடறதுன்னா போடுங்க. இல்லைன்னா பேனாவை இங்க குடுங்க, நான் போடறேன்."

அப்புறம் என்ன? இரண்டு பதினாறுக்கு வேட்புமனுவில் பத்தாவதாக எழுபதின் கையெழுத்து விழுந்தது. இரண்டு இருபதுக்கு அவருடைய மனுவின் அடியில் ஒரு வரி முளைத்தது: "நேரில் தெரிந்தவர்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது." அன்று மாலையே அதைத் தெருவெல்லாம் காட்டினார். பழைய இருநூற்றுப் பதினாறு பேரில் ஒருவரும் பின்வாங்கவில்லை. முன்பு வரம்பே கூடாது என்று விரட்டிய எண்பது பேர், "இப்பத்தான் நியாயமா எழுதியிருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. எந்த வயதுக்கு மேல் ஒருவர் ஆளக் கூடாது? எண்ணைச் சொல்லிவிட்டீர்கள். அந்த எண்ணைத் தாண்டியவராயிருந்தும் நீங்கள் ஓட்டுப் போடுகிற அந்த ஒருவர்? "அவர் விஷயமே வேற" என்று வாயெடுத்தீர்களே, வாருங்கள். மனுவில் வரிசை எண் இருநூற்றுத் தொண்ணூற்றேழு காலியாக இருக்கிறது.