நல்ல இடம் வரும்வரை எடுக்காதீர்கள்

பேசுவதற்காக ஃபோன் வாங்குகிறவர்கள் உண்டு. படம் பிடிக்க வாங்குகிறவர்களும் உண்டு. மணி அடிப்பதற்கென்றே ஃபோன் வாங்குகிற ஓர் இனம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா?

எங்கள் தெருவில் அந்த இனத்தின் பிரதிநிதி ரிங்டோன் மாமா. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவரின் கண் அவருக்கு இரண்டாம்பட்சம். காதைத்தான் முதலில் கவனிப்பார். அவர் ஃபோன் அடித்தால் உடனே எடுப்பாரா? அதெப்படி எடுப்பார்? பையிலிருந்து மெதுவாக உருவி, தூரத்தில் நீட்டிப் பிடித்து, பெயர் தெரியாததுபோல் புருவத்தைச் சுருக்கி, எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறதா என்று கடைக்கண்ணால் நோட்டம் விட்டு, கூப்பிட்டவர் அலுத்துப்போய் வைத்த பிறகு, “அடடா, கட்டாயிடுச்சே” என்று உச்சுக்கொட்டுவார்.

இதற்காக அவர் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. பாட்டு எம்பி த்ரீயில் இருக்கும். ஃபோனோ அதைத் தொடமாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். நீங்களும் நானும் போனால் போகிறதென்று விட்டுவிடுவோம். மாமா விடுவாரா? மாற்றித் தருகிற இணையதளம் ஒன்றைத் தேடிப் பிடித்து, பாட்டை அதில் ஏற்றி, முன்னால் கொஞ்சம் நறுக்கி, பின்னால் கொஞ்சம் நறுக்கி, அரை நிமிஷத்துக்குள் அடக்கி, இறக்கிக் கேட்டால் பல்பொடி விளம்பரம் பாடும். மறுபடி ஏற்றுவார். பொறுமை போனால், கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மூன்றெழுத்தை அழித்துவிட்டு வேறு மூன்றெழுத்தைப் போட்டுவிடுவார். சட்டையை மாற்றினால் ஆளே மாறிவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. “கன்வெர்ட் ஆயிடுச்சு” என்பார். ஃபோன் ஊமையாகக் கிடக்கும்.

தன் ஃபோனோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. ஊருக்கெல்லாம் இந்தச் சேவை உண்டு. போன வாரம் மனைவியோடு மாமா வீட்டுக்கு வந்து மாட்டியவர் அவருடைய தங்கை வீட்டுக்காரர்.

பாவம், மாப்பிள்ளை மாசக்கணக்கில் வேலை இல்லாமல் இருந்தவர். ஒரு கம்பெனியில், மத்தியானம் கூப்பிடுகிறோம், எடுக்காவிட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். ஃபோனை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்திருந்தார். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

“வேலைக்குப் போகப்போற ஆளு. இன்னும் டிரிங் டிரிங்னா வெச்சிருக்கீங்க, மாப்பிள்ளே?”

வேண்டாம் மச்சான் என்று மாப்பிள்ளை எவ்வளவோ சொன்னார். தங்கையைக் கட்டிக்கொடுத்த மச்சானிடம் எவ்வளவு நேரம் மறுக்க முடியும்? ஏற்றி, நறுக்கி, மாற்றி, ஒரு வயலின் உள்ளே போய்விட்டது. தொடக்கத்தில் கொசு மாதிரி முனகும். முடிகிற இடத்தில் மேளம் வந்து சேரும். நான் ஏன் அங்கே இருந்தேன் என்று கேட்காதீர்கள். என் ஃபோனும் வரிசையில் இருந்தது.

ஃபோன் அடித்தது. மாப்பிள்ளை பாய்ந்தார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“இருங்க. இனிமேதான் நல்ல இடம்.”

அந்த மனிதர் கையை உதறினாரா என்றால், அதுதான் இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார்! நானும்தான். வயலின் ஏறியது, இன்னும் ஏறியது, மேளம் வரப்போகிற நேரத்தில் நின்றுவிட்டது. அப்போதுதான் மாப்பிள்ளைக்குக் கம்பெனி ஞாபகம் வந்தது. வாசற்படியில் துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை எழுந்து வந்தாள். ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள், அவ்வளவுதான்.

நல்ல காலம், மறுபடி அடித்தது. பழக்கதோஷத்தில் மாமாவின் கை மேலெழுந்தது. அதற்குள் தங்கை ஃபோனை எடுத்துவிட்டாள்.

“இங்கதான் இருக்கார் சார். பாட்டுக் கேட்டுட்டு இருந்தார்,” என்று சொல்லிப் புருஷனிடம் நீட்டினாள்.

வேலை கிடைத்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது, தங்கைக்குச் சிரிப்பு. மாமா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ரெண்டு தடவையும் மேளம் வர்றதுக்குள்ள கெடுத்துட்டாங்க, பார்த்தீங்களா?” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: கடைசியாகப் பலர் நடுவில் உங்கள் ஃபோன் அடித்தபோது, கூப்பிடுவது யார் என்று பார்த்தீர்களா, கேட்பது யார் யார் என்று சுற்றிப் பார்த்தீர்களா?

பதிலுக்கு அவசரமில்லை. நல்ல இடம் வரட்டும்.