ஆன் தி வே

ஜலகண்டாபுரத்திலிருந்து ஜெர்மனி வரை சல்லடை போட்டுத் தேடினாலும், எங்கள் ‘ஜெர்மன்’ அண்ணனைப் போல நேர்மையாலேயே அடுத்தவன் உயிரை வாங்கும் ஆள் கிடைக்க மாட்டார்.

எங்களுடையது துண்டு ஏற்றுமதி ஆபீஸ். நான் பேக்கிங், அவர் கடிதம். முதலாளி இங்கிலீஷில் சொல்வதை ஜெர்மனில் எழுதி, அங்கே துண்டு வாங்கும் அம்மாவுக்கு அனுப்புவார். ஊரடங்கில் செல்போனைப் பார்த்தே கற்ற பாஷை! இங்கிலீஷ் ‘வே’ என்ற ஒற்றைச் சொல்லை ஜெர்மனில் எப்படியெல்லாம் எழுதுவது என்பதற்கு மட்டும் நாற்பது பக்கம் நோட்டு. ‘நோ வே’க்கு ஒரு பக்கம், ‘பை தி வே’க்கு மூன்று. டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட, “இருங்க சாமி, ‘பை தி வே’ இன்னும் முடியல” என்பார்.

வம்பு வந்தது ‘ஆன் தி வே’யில்.

அன்றைக்கே சரக்கு கிளம்பாவிட்டால் ஆர்டர் ரத்து என்று அந்த அம்மா எழுதிவிட்டார். முதலாளி சேலத்திலிருந்து போனில் கத்தினார். “லாரி எங்கடா?”

“ஆன் தி வேங்க!” என்றேன். நம் ஊரில் இன்னும் குளிக்காதவன்கூடச் சொல்வதுதானே? லாரி வாசலில் நின்றது. பாதித் துண்டு மடிக்காமல் என் காலடியில் கிடந்தது.

“அப்படியே அந்தம்மாவுக்கு எழுதச் சொல்லு. பொய்யின்னு தெரிஞ்சுது, நாளைக்கு வேலைக்கு வராதே!”

நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார். “‘ஆன் தி வே’ன்னா ஜெர்மன்ல ‘உன்டர்வேக்ஸ்’னு எழுதோணும். ஆனா சக்கரம் சுத்தலீங்களே?”

“அண்ணா, என் வேலை போயிருமுங்க!”

“அதுக்கு? பொய் எழுதறதுக்கா நாப்பது பக்கம் படிச்சேன்?”

பாவி மனுஷா என்று மனசுக்குள் திட்டினேன். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து துண்டு மடிக்க ஆரம்பித்தார். மூன்று மணி நேரம்! கடைசி பண்டலைத் தன் முதுகிலேயே சுமந்து ஏற்றினார். டிரைவர் கற்பூரம் காட்டி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

“இப்ப எழுதலாமுங்களாண்ணா?”

“கேட்டைத் தாண்டட்டும் சாமி.”

பழம் நசுங்கியது. லாரி கேட்டைத் தாண்டியதும் உள்ளே ஓடி அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டி அனுப்பினார். ஆர்டரும் தப்பியது, என் வேலையும் தப்பியது.

இப்போது மல்லசமுத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் அவரைப் பார்க்கப் போக, “கிளம்பிட்டனுங்கண்ணா” என்று போன் செய்தேன்.

“செருப்பு போட்டாச்சுங்களா?”

போடவில்லை. போனைக் காதில் இடுக்கிக்கொண்டு அவசரமாக மாட்டிய பிறகுதான், “போட்டாச்சுங்க” என்றேன். அந்த மனுஷரிடம் மட்டும் எனக்குப் பொய் சொல்ல வாய் வருவதில்லை.