கரட் தின்று இளமையான கதை

வெளிநாட்டில் இருக்கிற பெண்களுக்கு வயது வருஷா வருஷம் ஏறுவதில்லை. யாராவது வாய் தவறி ஒரு சொல் சொல்லும்போது மொத்தமாக ஏறிவிடும்.

எனக்கு அது இத்தாலியில், பலேர்மோவின் வியா மக்வேதாத் தெருவில், ஒரு சப்பாத்துக் கடையில் ஏறியது. என் கணவர் சேவியர் சப்பாத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "சிஞ்ஞோரா, உங்கள் மகனுக்கு இது நல்ல வடிவு" என்றாள். சேவியருக்கு என்னைவிட வயது கூட. (அந்த மனிசன் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. வீடு வரைக்கும் விசிலடித்துக்கொண்டு வந்தது.)

வேறு நேரமென்றால் ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்து சமாளித்திருப்பேன். ஆனால் அது நல்ல நேரமில்லை. மன்னாரில் அம்மா ஈரல் வருத்தத்தில் செத்துப்போயிருந்தார். பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் இத்தாலியைவிட்டு வெளிக்கிட எனக்குப் பயம். செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தேன். பெட்டியை மூடுகிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது.

அம்மாவைக் கடைசிவரை பார்த்தது கனடாவிலிருந்து போன அக்காதான். திரும்பிப் போகிற வழியில் பலேர்மோவுக்கு வருவதாகச் சொன்னார். இங்கே அம்மாவுக்கு ஒரு பூசை கொடுத்து, இரண்டு பேரும் சேர்ந்து அழுவதாகத் திட்டம். என் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் நேரில் கண்டதில்லை. அம்மா போன துக்கத்தோடு, இந்த முகத்தை எப்படி அக்காவிடம் காட்டுவது என்ற துக்கமும் சேர்ந்துகொண்டது. (எது பெரிய துக்கம் என்று கேட்காதீர்கள்.)

பொலிதேயாமாப் பக்கம் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரிப்பது என் வேலை. அவர் நித்திரையானதும் போனைத் தட்டினேன். வெயில் தோலுக்குச் செய்கிற சேதத்தைக் கரட் போன்ற மரக்கறி, பழங்களில் உள்ள அன்ரிஒக்சிடன்ட் சத்துகள் ஓரளவுக்குத் தடுக்கலாம், சுருக்கம் விழுவது கொஞ்சம் பிந்தலாம் என்று ஒரு வீடியோவில் ஒரு பெண் விளக்கினாள். 'ஓரளவுக்கு', 'கொஞ்சம்' எதுவும் என் காதில் விழவில்லை. 'கரட்' மட்டும் விழுந்தது.

காலையில் கரட் சாறு. மத்தியானம் பூசணிக்காய். பின்னேரம் பச்சைக் கரட். சேவியர் சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரின் தோடம்பழம் ஆய்கிறவர். அவர் கொண்டுவருகிற பையும் எனக்குத்தான். "வீட்டிலை முயல் வளர்க்கிறமோ?" என்று அவர் கேட்டார். எனக்கு வாய் நிறையக் கரட்.

சில கிழமைகளில் முகத்தில் ஒரு பொன்னிறம் தெரிந்தது. பொன் என்றுதான் நினைத்தேன்.

விமான நிலையத்தில் அக்காவைக் கண்டேன். அம்மாவோடு இருந்த மாதங்கள் அவர் முகத்தை உழுதுவிட்டிருந்தன. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

அடுத்த நாள் காலை தேவாலயத்தில் பூசை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்படி சுவாமியார் சொன்னார். அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்தார். ஜன்னல் வெயில் நேரே என் உள்ளங்கையில் விழுந்தது.

"என்னடி இது? மஞ்சளாக் கிடக்கு!"

"மெல்லக் கதையுங்கோ அக்கா, பூசை நடக்குது."

"அம்மாவுக்கும் இப்பிடித்தானே தொடங்கினது! ஐயோ, இவளும் போகப்போறாள்!"

அம்மாவுக்காக அழ வந்த சனம் என்னைப் பார்த்து அழத் தொடங்கியது. "அதுதான் பாத்தன், வத்திப்போனாள் பிள்ளை" என்றார் பின்வரிசை வாங்கிலிருந்த ஒரு மாமி. இன்னொருவர் சேவியரின் தோளைத் தட்டி, "தம்பி, மனசைத் திடப்படுத்திக்கொள்ளும்" என்றார். சுவாமியாரும் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு, நோயாளிகளுக்கான மன்றாட்டில் என்னையும் சேர்த்துக்கொண்டார்.

சிரிப்பாக இருக்கும் உங்களுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகிற காரில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் செத்தவீட்டை நான் போனில் பார்த்தேன். என்னுடையதை அக்கா நேரிலேயே பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன்.

டொக்டர் ஓர் இளம் பெண். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்று சொல்லி, எதற்கும் இரத்தமும் எடுக்க வைத்தார். பிறகு, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன்?"

"சுருக்கம் போக."

இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. மஞ்சள் ஈரலால் வந்ததல்ல, கரட்டால் வந்ததாம். மரக்கறியும் பழமும் கலந்து, அளவாகச் சாப்பிட்டால் தோலுக்கும் உதவலாம், ஆனால் விழுந்த சுருக்கத்தை அவை எடுத்துத்தராது, வெயிலுக்குத் தொப்பி போடுங்கள் என்றார். கரட்டை நிறுத்தினால் நிறம் மெல்ல மெல்லப் போய்விடுமாம்.

வெளியே வாங்கில் இருந்தோம். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏன்ரி இப்பிடிச் செய்தனி?"

"நீங்கள் வாறியள் எண்டுதான். நான் கிழவியாப் போனன் எண்டு நினைப்பியள் எண்டு..."

"அம்மாவின்ரை கையை நாள் முழுக்கப் பிடிச்சுக்கொண்டிருந்தனான் நான். உன்ரை கையைப் பாத்தோடனை என்ரை உயிர் போட்டுது. முகத்திலை சுருக்கம் இருந்தா என்ன, இல்லாட்டி என்னடி எனக்கு?"

சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். கோயிலில் அம்மாவுக்காக வராத அழுகை, ஆஸ்பத்திரி வாசலில் வந்தது. சேவியர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்தபடி எங்களுக்கு முன்னால் சும்மா நின்றார்.

இப்போது கனடாவிலிருந்து வீடியோவில் எடுத்தால் அக்கா சுகம் கேட்பதில்லை. "கையைக் காட்டு" என்பார். பின்னாலிருந்து அவருடைய பிள்ளைகள் "கரட் சித்தி!" என்று கத்துவார்கள். நான் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடிப்பேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, போனுக்குக் கிட்ட வந்து, ஆறுதலாகப் பார்ப்பார்.

"சரி. இனி முகத்தைக் காட்டு."