இலவசக் காவலுக்கு மூன்று கொட்டேஷன்

கொள்முதல் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வைரஸ் தடுப்பு ஒன்று தேர்ந்தெடுப்பது என்று தீர்மானித்தார். இலவசமாகக் கிடைக்கிற சரக்கு. பொத்தானை அமுக்கினால் ஐந்து நிமிஷத்தில் வந்து உட்கார்ந்துவிடும். அவருக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

ஆபீசில் அவருக்கு 'கொட்டேஷன்' என்று பேர். மூன்று கடையில் விலை கேட்காமல் ஒரு குண்டூசி வாங்க விடமாட்டார். குண்டூசி வந்து சேர்வதற்குள் குத்த வேண்டிய காகிதம் செல்லரித்துப் போனதும் உண்டு. ஆனால் குண்டூசியில் முறைகேடு என்று எவனும் அவரைப் பார்த்து விரல் நீட்டியது கிடையாது. அந்தப் பெருமை ஒன்றைத்தான் மனுஷர் சம்பாதித்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டரை வைத்து வேலை பார்த்தது அவர் அல்ல, அவர் மனைவி. தையல்காரி. ஒரு பள்ளிக்கூடம் அந்த வருஷச் சீருடை தைக்க ஆள் தேடியது. எந்த வயசுக்கு என்ன அளவு, எவ்வளவு துணி பிடிக்கும் என்று பட்டியல் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஐந்து பேர் போட்டி. கிடைத்தால் வருஷம் பூரா வேலை. கிடைக்காவிட்டால் பழையபடி பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மூன்று வாரமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்தப் பட்டியலை ஏற்றி வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு பெட்டி முளைத்தது. 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கலாம்.'

'இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் கொட்டேஷன் அசைந்திருக்க மாட்டார். 'இருக்கலாம்' என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு வார்த்தையை எழுதித்தான் தன் காலத்தில் எத்தனையோ பேர் வேலையை அவர் நிறுத்தி வைத்திருந்தார். அதன் பலம் அவருக்குத் தெரியாதா?

"முடிவு வர்ற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது."

"என் பட்டியல் உள்ள இருக்குங்க."

"அதைக் காப்பாத்தத்தானே இவ்வளவும்."

அவள் தம்பி கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். ஏதாவது ஒன்றைப் போட்டால் போதும் அத்தான் என்று போனில் சொன்னான். 'ஏதாவது ஒன்று' என்பதைக் கேட்டதும் கொட்டேஷனுக்கு உடம்பு கூசியது. ஊழலெல்லாம் அப்படித்தானே ஆரம்பிக்கிறது? புதுக் கோப்பு ஒன்று திறந்தார். மூன்று கம்பெனிகளைப் பொறுக்கினார். ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து விலையென்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று அழகாக எழுதினார்.

விதிப்படி, விலை குறைவானவருக்கே ஆர்டர். இங்கே மூன்று பேருமே குறைவு. விலை சமமாக இருந்தால் இன்னும் குறைக்கச் சொல்லிப் பேச வேண்டும் என்கிறது அடுத்த விதி. பேசினார். 'தாங்கள் குறிப்பிட்டுள்ள பூஜ்யத்திலிருந்து மேற்கொண்டு எவ்வளவு குறைத்துத் தர இயலும் என்பதை ஏழு தினங்களுக்குள் தெரிவிக்கவும்' என்று மூன்று கம்பெனிக்கும் கடிதம் போனது. இரண்டு பேர் வாயே திறக்கவில்லை. மூன்றாவது கம்பெனி, வருஷச் சந்தா கட்டினால் இன்னும் நல்ல காவல் தருவதாகப் பதில் போட்டது. பேரத்தில் விலையை ஏற்றியதாகக் கோப்பில் கண்டனம் எழுதினார்.

அப்படியும் தீராவிட்டால் ஆர்டரை மூவருக்கும் சரிசமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது கடைசி விதி. அந்த விதியை எழுதின புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள். அவரேதான்.

வியாழக்கிழமை காலையில் மூன்றையும் போட்டார்.

முதல் காவலாளி உள்ளே நுழைந்ததும் இரண்டாமவனைத் திருடன் என்று பிடித்தான். இரண்டாமவன் மூன்றாமவன் வழியை மறித்தான். மூன்றாமவன் இரண்டு பேர் மேலும் புகார் எழுதிக்கொண்டே இருந்தான். மூன்று மேலதிகாரி இருக்கிற ஆபீஸ் மாதிரி கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. பட்டியலைக் காணோம்.

மனைவி கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜை மேல் வைத்தாள். அந்தச் சத்தமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தம்பி கடையை மூடிவிட்டு வந்தான். பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அத்தான், இதுல வாங்கும்போதே ஒரு காவலாளி இருந்தான். ஒழுங்காத்தான் வேலை பார்த்துட்டு இருந்தான். இவங்க மூணு பேரும் வந்ததும் நமக்கென்னன்னு ஒதுங்கிட்டான்" என்றான்.

கொட்டேஷனுக்கு அந்தக் காவலாளி மேல் தனி மரியாதை வந்தது. ஓய்வு பெறுகிற வரைக்கும் அவரும் அப்படித்தான் பத்திரமாக இருந்தார்.

இரண்டு பேரை வெளியேற்றியாயிற்று. மூன்றாமவன் கையில் பட்டியல் சிறை இருந்தது. முன்பு ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து திருத்தின தடம் அதில் இருந்ததால் சந்தேகமாம். விடுவிக்க வேண்டுமானால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 'இந்தக் கோப்பை நம்புகிறீர்களா?' ஆம், இல்லை என்று இரண்டே பொத்தான். மணி நாலு நாற்பது.

கம்ப்யூட்டர் அவர் பேரில் இருந்ததால் அமுக்க வேண்டியவர் அவர் என்று தம்பி நகர்ந்துகொண்டான். முப்பத்தோரு வருஷத்தில் எந்தக் கோப்பிலும் கொட்டேஷன் 'ஆம்' என்று எழுதினதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று மூன்றாவது பொத்தான் எங்கேயாவது இருக்கிறதா என்று திரையின் மூலையெல்லாம் தேடினார்.

"இருபத்தெட்டு வருஷம் உங்ககூடக் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றாள் மனைவி. "என் கையால போட்ட பட்டியலை நம்புறீங்களான்னு அது கேக்குது. நீங்க என்னடான்னா விதி தேடிட்டு இருக்கீங்க."

அமுக்கிவிட்டார். வாழ்நாளிலேயே முதல் தடவையாக, மேலதிகாரி கையெழுத்து இல்லாமல். நாலு ஐம்பத்திரண்டுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

தம்பி டீயைக் குடித்து முடிக்கவில்லை, பள்ளிக்கூடத்துத் தலைமை எழுத்தர் போன் செய்தார். இன்றைக்கே முடித்துவிட்டு ஆபீசைப் பூட்ட வேண்டுமாம். பட்டியல் வந்ததாம். ஆனால் சிறையிலிருந்து விடுதலையான கோப்பு என்று அதன் மேல் ஏதோ முத்திரை இருப்பதால், அங்கே உள்ள கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே மாட்டேன் என்கிறதாம். தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொட்டேஷன் தலை தானாகக் குனிந்தது.

எழுத்தர் மேலே சொன்னார்: "மத்த நாலு பேர் அனுப்பினதையும் திறந்து பார்த்தோம்மா. ஒண்ணுல கூட்டல் சரியில்லை, ஒண்ணுல கை நீளமே போடலை. எல்லாத்துலயும் ஏதாவது ஒரு குறை. உங்க பட்டியல்ல மட்டும்தான் இதுவரைக்கும் எங்களால ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியலை. அதனால கமிட்டி உங்களுக்கே வேலையைக் குடுத்திருக்கு."

போனை வைத்தாயிற்று. இனிமேல் எந்தக் கோப்பையும் திறக்க மாட்டேன் என்று மன்னிப்புக் கேட்கத்தான் கொட்டேஷன் வாயெடுத்தார். அதற்குள் தையல்காரி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள்.

"அந்த மூணு பேரையும் திரும்ப உள்ள விட்டுட்டுப் போடா. அடுத்த வருஷமும் பட்டியல் அனுப்பணும்."