மச்சானும் மலைப்பாதையும்

இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் மலை ஏறுவது என்று வெள்ளிக்கிழமை காலை முடிவெடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் மலைப்பாதை வரைபடம் ஒன்று கிடந்தது. பார்த்ததும் பளிச்சென்று யோசனை உதித்துவிட்டது.

நான் தபால் அலுவலகத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்தபடியே முத்திரை குத்துகிற ஆள். மாடிப்படியிலேயே பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவன். எனக்கு எதற்கு மலை?

எல்லாம் மச்சானுக்காகத்தான். என் மனைவியின் அண்ணன். தண்ணீர் மோட்டார் வியாபாரி. ஞாயிறு காலை வந்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை மோட்டார் பேச்சுதான். அவர் கடையில் எல்லா மோட்டாருக்கும் சுவிட்ச் உண்டு. அவருக்குத்தான் இல்லை.

பாதையின் முதல் வளைவில் ஒரு பெஞ்சு இருக்கிறது. சாயங்காலம் வரை அதில் படுத்துத் தூங்குவது. இதுதான் என் மலையேற்றத் திட்டம்.

"உடம்பு முக்கியம்மா" என்றேன் மனைவியிடம்.

"தாராளமா போங்க."

"உன் அண்ணன் வருவாரே, வருத்தப்பட மாட்டாரா?"

"அவரை நான் பாத்துக்கறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் மூளை லீவு போட்டுவிட்டது.

ஞாயிறு காலை எட்டரைக்கே பெஞ்சில் காலை நீட்டினேன். கண் சொக்கியது.

"மாப்ளே!"

மச்சான்! தலையில் தொப்பி, கையில் ஊன்றுகோல், முகமெல்லாம் பல்.

"தனியா மலை ஏறுறாரு, துணைக்குப் போங்கண்ணான்னு தங்கச்சி சொன்னா. ரெண்டு பேருக்கும் சாப்பாடு கட்டிக் குடுத்திருக்கா!"

"நான் இப்பத்தான் ஏறி இறங்கினேன், மச்சான்."

"சட்டை கசங்கக்கூட இல்லையே! எந்திரிங்க."

நடந்தோம். வழியில் ஒரு பலகை. சைக்கிள்கள் நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டுமாம். குதிரைக்கு எல்லோரும் வழிவிட வேண்டுமாம். மச்சானுக்குப் பயந்து யார் எங்கே ஒதுங்குவது என்று மட்டும் எழுதவில்லை.

"உச்சிக்குத் தண்ணி ஏத்த எத்தனை குதிரைசக்தி வேணும், சொல்லுங்க பாப்போம்!"

"என்னை ஏத்தவே ரெண்டு குதிரை வேணும்."

"தப்பு! ஏழரை!"

ஏழரைதான். பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தது.

எதிரே ஒரு பெண் நிஜக் குதிரையில் வந்தாள். ஒதுங்கி நின்றோம். மச்சான் அவளையும் நிறுத்தி, குதிரைசக்தி என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்த குதிரை நாலுகால் பாய்ச்சலில் தப்பித்தது. எனக்கு இருப்பதோ இரண்டே கால்.

பதினாலு கிலோமீட்டர். உச்சியில் மேகம்கூட அவர் வாயைத் திறந்ததும் கலைந்து போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்குள் நொண்டிக்கொண்டு நுழைந்தேன். மச்சான் வாசலில் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு நின்றாள்.

"இது நியாயமா?" என்று கிசுகிசுத்தேன். "ஒரு நிமிஷம்கூட வாயை மூடலைம்மா!"

"தெரியும். நான் பொறந்ததுலேருந்து கேக்கறேன். இன்னிக்குத்தான் காதுக்கு ஞாயித்துக்கிழமை."

"கூடப் பொறந்த அண்ணனை இப்படியா தள்ளிவிடுவே?"

"கட்டின புருஷன் என்னை விட்டுட்டு ஓடலாமா?"

அதற்குள் மச்சான் உள்ளே வந்துவிட்டார்.

"அடுத்த வாரம் வடக்குப் பாதை, மாப்ளே! நீங்க ஞாயித்துக்கிழமை மலை ஏறப்போறதா தங்கச்சி போன மாசமே சொல்லிட்டா."

போன மாசமா? நான் முடிவெடுத்ததே முந்தாநாள்தானே, மேஜையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்து!